'இல்லை' என்று மாற்ற மாட்டேன்

மைசூரில் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு சுழல் நாற்காலி, அப்புறம் என் நாக்கு. இவற்றை வைத்துத்தான் இருபத்திரண்டு வருஷமாகப் பிழைக்கிறேன். விவாகரத்து மனு, ஜீவனாம்ச மனு, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன புருஷனைப் பற்றிய மனு, எல்லாம் என் விரல் வழியாகத்தான் உள்ளே போகும். மனிதர்கள் பிரிவதை நான் பார்த்த அளவுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன்.

அதனாலேயே காதல் சோகப் பாட்டுகள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பாட்டில் காதலைத் தொலைத்தவன் நிலாவைக் கூப்பிடுவான், மேகத்திடம் சேதி சொல்லி அனுப்புவான், செத்துவிடுவேன் என்று சரணத்துக்கு ஒரு தரம் மிரட்டுவான். என் கடைக்கு வருகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை. "மேடம், மூணு செட் போடுங்க. கையெழுத்து எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். போகும்போது பேனாவை மறந்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பேனாவைப் பற்றி யாராவது ஒரு பாட்டு எழுதியிருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து கிடையாது.

இவ்வளவு பேசுகிற நான், சனி ஞாயிறுகளில் அதே சோகப் பாட்டுகளை மேடையில் பாடுகிறவள். எங்கள் இசைக்குழு சின்னது. கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று சாமராஜநகர், குண்டலுபேட்டை வரை போய்வருவோம். தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் போகப் போகக் கூட்டத்தில் தமிழ் கூடும். குழுத் தலைவர் கீபோர்டு வாசிப்பவர், தமிழர், என்னைவிட நாலு வயது இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். குழுவில் ஒரே பெண் குரல் என்னுடையது. சோகப் பாட்டு என்றால் கூட்டம் என்னைத்தான் கேட்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கப் பொறுமையும் இல்லை.

என் அப்பா ரயில்வே வேலைக்காகத் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் மைசூரில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். முப்பது வயது வரை எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ்ப் பாட்டுகளைக் கன்னட எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துத்தான் பாடுவேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒரு தமிழ்க் குடும்பம், "நீங்க தமிழ்தானே, படிக்கத் தெரியாதா?" என்று சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. மூன்றே மாதத்தில் எழுத்துக் கூட்டி, ஆறாவது மாதம் ஒற்றுப் பிழை இல்லாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் குழுவில் அப்போது தபேலா வாசித்தவன் சாமராஜநகர்க்காரன், கன்னடக்காரன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் காது அபாரம். ஒரு தரம் கேட்டால் போதும், பாட்டின் மூச்சு எங்கே என்று அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். வாசித்துக்கொண்டே கூடவே பாடுவான். என் நோட்டைப் பார்த்துத் தமிழ் வரிகளையும் பாடுவான், அர்த்தம் தெரியாமல்.

குண்டலுபேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் பாடியது காதலி செத்துப்போன பாட்டு. சரண முடிவில் 'நீ இல்லே, நீ இல்லே' என்று கூட ஒருவர் பாட வேண்டும். அவன் முன்னாலும் ஒரு மைக் வைத்திருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உருகிக்கொண்டிருக்கிறேன். அவன் வாயெல்லாம் பல்லாக, 'நீ இல்லே! நீ இல்லே!' என்று பாடி, தன் பக்கத்துத் தரையை வேறு விரலால் சுட்டிக் காட்டினான். கூட்டத்தில் தமிழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கன்னடக்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் தாளம் போட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் மைக்கை அவன் மேல் எறியாமல் விட்டது பெரிய விஷயம்.

திரும்பி வரும்போது வேனில் பிடித்துக்கொண்டேன். பேச்சு கன்னடத்தில்தான் நடந்தது, இங்கே தமிழில் சொல்கிறேன்.

"என்ன சிரிப்பு அது? அவ செத்துப் போயிட்டா, இவன் அழறான். நீ பல்லைக் காட்டறே."

"செத்துட்டாளா? நீ இல்லேன்னுதானே வருது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கன்னடத்தில் 'இல்லே' என்றால் 'இங்கேயே'. இதோ, இந்த இடத்திலேயே என்று அர்த்தம். அவன் இத்தனை நாளாக எங்கள் சோகப் பாட்டுகளில் வரும் ஒவ்வொரு 'நீ இல்லே'யையும் 'நீ இங்கேயே இருக்கிறாய்' என்று நினைத்து சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் விளக்கிச் சொன்னேன்.

"அப்போ நீங்க அழற இடத்துலதான் நாங்க சிரிக்கணும்" என்றான். "எங்க பாஷைதான் நல்ல பாஷை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன்மேல் எனக்கு மனசு போனதும் அந்த வேனில்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம். அவன் ஊருக்குப் போயிருக்கும்போது நான் போன் போட்டு, "எல்லித்தீயா?" என்பேன், எங்கே இருக்கிறாய் என்று. அவன் "இல்லே" என்பான். அறுபது கிலோமீட்டர் தள்ளி, தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இங்கேயே என்பான். கடையில் மனு அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவேன். வேறு பேச்சு தேவைப்படாது. நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். அவனுடைய அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

தெரிந்தபோது அந்தம்மா சத்தம் போடவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் அவன் ஒப்புக்கொண்டான். சொந்தத்திலேயே ஒரு பெண். அதைச் சொல்ல என் கடைக்கு வந்தான். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். நான் அழவில்லை. அழ வேண்டியவள் நான், அதையும் அவனே எடுத்துக்கொண்டானே என்று கோபம்தான் வந்தது.

"பத்திரிகை எங்கே அடிக்கப் போறே?" என்று கேட்டேன்.

"தெரியல."

"இங்கே கொடு. வேற எங்கேயாவது கொடுத்தா தப்பும் தவறுமா அடிப்பாங்க."

கொடுத்தான். என் தொழிலில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்தைக்கூட நானாக மாற்ற மாட்டேன். தப்பு என்று பட்டால் கேட்பேன், அவர்கள் சொன்னால் திருத்துவேன். அவன் கொடுத்த தாளில் மணப்பெண்ணின் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. போன் போட்டுக் கேட்டேன். ஆமாம், கொம்பு வேண்டும் என்றான். போட்டேன். அந்தப் பத்திரிகையில் ஒரு பிழை கண்டுபிடித்துக் காட்டுங்கள், கடையை மூடிவிடுகிறேன்.

அவன் குழுவை விட்டு ஊரோடு போய்விட்டான். இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்த நாட்களில் ஆளாளுக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். கீபோர்டுக்காரர் இரண்டு மாதம் சோகப் பாட்டே பட்டியலில் போடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. "எனக்கென்ன சீக்கா? பழைய லிஸ்ட் எடுங்க" என்றேன். எல்லாவற்றையும் பாடினேன், குரல் ஓர் இடத்திலும் உடையாமல். வலி இல்லை என்று சொல்ல வரவில்லை. வலி என்னுடையது, அதற்கு மற்றவர்கள் உச்சுக் கொட்டக் கூடாது, அவ்வளவுதான். ஏமாந்த பெண் என்று என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது என்பதிலேயே என் பாதி பலம் போயிற்று.

அவன் போய் மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கடையில் கரண்ட் போனது. இயந்திரங்கள் நின்றதும் சந்து முழுக்க ஓர் அமைதி. ஜெராக்ஸில் வீணான தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். தமிழ் வரிகள், கன்னட எழுத்தில், பழைய வழக்கப்படி.

காப்பி ஆறிப் போகுது, நீ இல்லே
பஸ்ஸு வந்து நிக்குது, நீ இல்லே
பாதிப் பாட்டு பாடிட்டேன், நீ இல்லே
பாக்கிப் பாட்டு தொண்டையில, நீ இல்லே

நிலா இல்லை, மேகம் இல்லை, சாவு இல்லை. கரண்ட் வருவதற்குள் மூன்று சரணம் முடிந்துவிட்டது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது ஒப்பாரி. கன்னடத்தில் கேட்டால் ஒவ்வொரு வரி முடிவிலும் அவன் இங்கேயே இருக்கிறான். காப்பி ஆறுகிறது, நீ இங்கேயே. பஸ் வந்து நிற்கிறது, நீ இங்கேயே. நான் யாரையும் தொலைத்து நிற்கவில்லை. அவன் அம்மாவும் பத்திரிகையும் சேர்ந்துகூட அவனை என்னிடமிருந்து கொண்டுபோக முடியவில்லை. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். பாட்டாகப் பாடினால் யாருக்கும் தெரியாது. நானே மெட்டுப் போட்டேன். 'இல்லே'யின் ஏகாரத்தில் உச்சத்தில் நிற்கும்படி போட்டேன். எங்கே பாடினாலும் கேட்டு வாங்கிப் பாடச் சொன்னார்கள்.

போன பொங்கலுக்கு எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து விழா நடத்தின. எங்கள் குழுவின் கச்சேரி உண்டு, பாட்டு வரிகளோடு ஒரு சின்னப் புத்தகமும் உண்டு. புத்தகம் அடிப்பது என் கடையில். விழாக் குழுத் தலைவர் மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. என் பாட்டை முழுக்கத் திருத்திக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். போகுது என்பது போகிறது ஆகியிருந்தது, நிக்குது என்பது நிற்கிறது ஆகியிருந்தது. 'இல்லே' எல்லாம் 'இல்லை'.

"ஏம்மா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடையில கொச்சைத் தமிழ் வேணாமே. நம்ம பிள்ளைங்களே கன்னடம் கலந்து பேசுதுங்க."

"சார், மத்ததெல்லாம் எப்படி வேணுமோ மாத்திக்கோங்க. அந்த இல்லே மாத்ரம் ஆகாது."

"அதான் முக்கியமான பிழை. இல்லை, ஐகாரம்."

"மாத்த மாட்டேன் சார்."

"ஒரு எழுத்தும்மா!"

"அந்த ஒரு எழுத்துதான் சார் பாட்டு."

"காரணம் சொல்லு, ஒத்துக்கறேன்."

காரணம் சொல்ல முடியாது. சொன்னால் அவனைச் சொல்ல வேண்டும். அவனைச் சொன்னால் இந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார், எனக்குத் தெரியும். 'இல்லை' என்று பாடிவிட்டால் இன்னும் மோசம். கூட்டத்தின் முன்னால் நானே என் வாயால், ஆமாம், என்னை விட்டுப் போய்விட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"எழுதினவ நான், அதான் காரணம்" என்றேன்.

"அப்போ பட்டியல்லேருந்து எடுத்துட வேண்டியதுதான்."

"எடுத்துடுங்க."

அவர் தாளை மடித்தார். கதவு வரை போனவரை, "சார், ஒந்து நிமிஷம்" என்று நிறுத்தினேன். ஜெராக்ஸ் இயந்திரத்தை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே பாடினேன். முதலில் அவர் திருத்தியபடி. உச்சத்தில் ஐகாரத்தை இழுத்தால் வாய் இறுகி, குரல் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். கத்திக் காட்டினேன். அப்புறம் என்னுடையபடி. ஏகாரம் திறந்துகொண்டு போய் மேலே நின்றது. மனுவோடு காத்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

அவர் மடித்த தாளை மறுபடி கவுண்டரில் வைத்தார். பிறகு, "புத்தகத்துல இல்லைன்னே இருக்கட்டும். பாடறது உன் இஷ்டம்" என்றார்.

என் சட்டப்படி புத்தகத்தில் அவர் எழுதிக் கொடுத்த 'இல்லை'யைத்தான் அடித்தேன், ஓர் எழுத்தும் மாற்றாமல். என் தொண்டை என் வசம் இருந்தது. அன்றைக்கு எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. தமிழே எழுதத் தெரியாதவள் என்று ஒரு காலத்தில் சிரித்தார்கள். இப்போது தமிழில் ஓர் எழுத்துக்காகச் சண்டை போட்டு ஜெயித்தவள் நான்.

விழா நாள் மதியம் மண்டபத்துக்குப் போனதும் கீபோர்டுக்காரர் வாசலிலேயே மடக்கினார். முகம் சரியில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நம்ம தபேலாக்காரருக்குக் காய்ச்சல். வேற ஆளு கிடைக்கல. சாமராஜநகர்க்காரரைத்தான் கூப்பிட்டிருக்கேன். வீட்டம்மாவோட வந்திருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "உங்க பாட்டை இன்னிக்கு விட்டுடலாமா?"

"எதுக்கு விடணும்? லிஸ்ட்ல கடைசியா இருக்கு, கடைசியா பாடறேன்."

சொல்லிவிட்டேன். உள்ளே போனேன். மேடையில் அவன் தபேலாவைச் சுத்தியால் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். தலையில் நரை. என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். இரண்டு மணி நேரம், பதினோரு பாட்டு, அவன் கை என் மூச்சை விட்டு விலகவில்லை. எட்டு வருஷம் சேர்ந்து வாசிக்காத கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசிப் பாட்டு. அவன் அதைக் கேட்டதே இல்லை. முதல் வரி, 'காப்பி ஆறிப் போகுது, நீ இல்லே.' தபேலாவில் ஒரு தட்டு விழவில்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டான். முன்வரிசைத் தமிழ்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சிவப்புப் பேனாக்காரர் மடியில் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். பின்வரிசையில் விருந்துக்கு வந்த கன்னட அக்கம்பக்கத்தார் முகம் மலர்ந்து தலையாட்டினார்கள். பாதி மண்டபம் அழுதது, பாதி மண்டபம் சிரித்தது. அவ்வளவையும் ஒரு சொல்லில் கட்டி இழுத்தவளாக மேடையில் நின்றுகொண்டிருந்தேன். நான் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் பாடி முடித்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

கூட்டம் கலைந்தது. அவன் மனைவி தண்ணீர் பாட்டிலோடு மேடை ஓரம் வந்து நின்றாள். அவள் பெயரை எழுத்தெழுத்தாக அடித்திருக்கிறேன், முகத்தை அன்றுதான் பார்த்தேன். நல்ல முகம். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அவன் தபேலாவுக்கு உறை போட்டபடி, தலையைத் தூக்காமல், "மேடம்" என்றான். அந்த மேடம் சுருக்கென்று தைத்தது. "அது தமிளா, கன்னடவா?"

அவள் புரியாமல் அவனைப் பார்த்தாள், பிறகு என்னை. அந்த இல்லே கன்னடம் என்று சொல்லலாம். அதுதான் உண்மை. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான். இத்தனை வருஷம் கழித்து, பெண்டாட்டி தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்கும்போது, இவள் இன்னும் என்னைத் தன்னிடமே வைத்திருக்கிறாளா என்று கேட்டுக் குளிர்ந்துகொண்டு ஊருக்குப் போக அவனுக்கு ஆசை. அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன்.

"தமிளு" என்றேன், அவளுக்கும் கேட்கும்படி. "நீனில்ல அந்த அர்த்த." நீ இல்லை என்று அர்த்தம்.

அவன் தலையை ஆட்டினான். அவள் முகம் அப்படியே இளகிப் போயிற்று. ஓர் அடி முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப! தும்ப துக்கத ஹாடு, அல்வா அக்கா?"

பாவம், ரொம்பத் துக்கமான பாட்டு, இல்லையா அக்கா என்கிறாள். எட்டு வருஷமாக ஊரில் ஒருத்தர் வாயிலிருந்தும் நான் வர விடாத சொல். அதை என் முகத்துக்கு நேரே அவள் சொன்னாள், மனசாரச் சொன்னாள். அவன் குனிந்து உறையின் நாடாவை முடிந்துகொண்டே இருந்தான். கன்னடம் என்ற ஒரே ஒரு சொல்லால் அந்தப் பரிதாபத்தை அவள் முகத்திலிருந்து நான் துடைத்திருக்க முடியும். அப்புறம் அந்தச் சொல் அவளோடு பஸ் ஏறி, அவள் வீடு வரை போயிருக்கும்.

"ஹௌதம்மா" என்றேன், ஆமாம் அம்மா என்று. ஒருத்தி என்னைப் பாவம் என்று சொல்ல, நான் தலை நிமிர்ந்து அதை வாங்கிக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.